கனகவேல் முதலாளி மாற்றிய மூன்று குச்சிகள்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், போன மாசம் பூல் விளையாடும் கூடம் ஒன்று திறந்தார்கள். அதை நடத்துகிறவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பழைய கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருந்த ஒருத்தர் இன்னும் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வடக்கேயிருந்து பந்தடிக்கும் குச்சி இருபது வந்திருக்கிறதாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, வருகிறவர்கள் "எனக்கு எது சரிப்படும்" என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், சுவரில் ஒட்டிக்கொள்கிறேன் என்றார்.

அரைப் பக்கத்தில் முடிகிற காரியம். உயரம் எழுதினேன், மரம் எழுதினேன், நுனித் தோல் எழுதினேன். எடை என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எப்படியோ முடித்துக் கொடுத்தனுப்பினேன். சுவரில் ஒட்ட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அச்சங்குளம். அப்பா ஊரார் புஞ்சையில் கூலி வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். நான் பட்டாளத்துக்குப் போனேன். அங்கே ஆபீசர்கள் சாப்பாட்டு விடுதியில் தட்டுக் கழுவப் போட்டு, பிறகு பில்லியர்ட்ஸ் அறையைப் பெருக்கப் போட்டு, கடைசியில் அந்த மேசையின் முழுப் பொறுப்பும் என் கைக்கு வந்தது. ஐந்து வருசம். ஊருக்குத் திரும்பியபோது விருதுநகரில் வியாபாரிகளும் வக்கீல்களும் டாக்டர்களும் சேர்ந்து நடத்திய ஒரு கிளப்பில் மார்க்கர் வேலை காலியாக இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் சேர்ந்தேன்.

மார்க்கர் என்றால் பாயிண்டைப் பலகையில் ஏற்றுகிறவன். அது மட்டுமில்லை. மேசைத் துணியைத் துலக்கி இஸ்திரி போடவேண்டும், குச்சி நுனியில் தோல் ஒட்டவேண்டும், ஜோடி இல்லாத மெம்பருக்கு எதிராளியாக ஆடவும் வேண்டும். நான் தொட்ட குச்சியை அவர்கள் தொடுவார்கள். என் விரல் மட்டும் பட்டுவிடக் கூடாது. குச்சி நுனியில் தேய்க்கிற சாக்கட்டியை நீட்டினால் "அங்கன வையி" என்று மேசை விளிம்பைக் காட்டுவார்கள். வைப்பேன். எடுத்துக்கொள்வார்கள். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும்.

கிளப் செக்ரட்டரி பொதுப்பணியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மடக்கு ஸ்கேல் எப்போதும் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எந்த உத்தரவையும் "சரிதானே?" என்று முடிப்பார். நான் பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்துவிடுவார். அவர் உத்தரவுப்படி எந்த மெம்பருக்கும் குச்சியைச் சும்மா எடுத்து நீட்டக் கூடாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பட்டாளத்தில் நான் படித்ததும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் ஆளை நிற்கச் சொல்லி, குச்சியை அவர் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்துவேன். நுனி தோளுக்கும் மோவாய்க்கும் இடையில் வரவேண்டும். பிறகு குச்சியை மேசைமேல் உருட்டுவேன். கோணல் இருந்தால் நுனி குதிக்கும், அதைத் தள்ளி வைத்துவிடலாம். அப்புறம் ஒரு விரல்மேல் கிடத்தி எந்த இடத்தில் சமன்படுகிறது என்று பார்ப்பேன். பின்கனம் கூடினால் அடி பலமாக விழும், பக்குவம் குறையும். மரம் இரண்டு வகை. ஆஷ் மரத்தில் ரேகை கையில் தட்டும், மேப்பிள் வழவழப்பாக இருக்கும். நம் ஊர் வெக்கையில் கை வேர்த்து வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிடிக்கிற இடத்தில் வார்னிஷை உப்புத்தாளால் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வைப்பேன்.

கடைசியாகத்தான் எடை. தூரத்துப் பந்தைக் குழியில் அடித்துத் தள்ளுவதில் ஆசை உள்ளவருக்குப் பதினெட்டு அவுன்ஸ். பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவுவதுபோல ஆடுகிறவருக்குப் பதினாறு. ஆள் குண்டா ஒல்லியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பொரித்த அப்பளத்தைத் தூக்குகிற மாதிரிதான் பிடிக்கவேண்டும். இறுக்கிப் பிடிக்கிற ஆளுக்கு எந்தக் குச்சியும் சரிப்படாது.

கனகவேல் முதலாளிக்குச் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ். தீப்பெட்டி லேபிள், பட்டாசுக்கட்டு லேபிள், எல்லாம் ஏழெட்டுக் கலரில். சீசன் இல்லாத நாட்களில் சனி, ஞாயிறு கார் எடுத்துக்கொண்டு விருதுநகர் வந்துவிடுவார். அப்போது நாற்பது வயது இருக்கும். ஒரு தடவை கல்கத்தாவிலிருந்து ஆறு குச்சி புதிதாக வந்தது. ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான்காவதில் நிறுத்தினார்.

"மார்க்கர், இதுல அடிக்கட்டைக்கு மேல ஒரு சாண் தள்ளி ஒரு ரேகை லேசா மேடா இருக்கு. பாரு."

நான் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. மயிரிழை.

"எப்படிங்க மொதலாளி?"

"காகிதத்தத் தடவித்தான சோறு திங்கிறேன். எத்தன கலர் ஏறியிருக்குன்னு விரலு சொல்லிப்புடும்."

பதினாறு அவுன்ஸ். அதையே எடுத்துக்கொண்டார். சாக்கட்டி கேட்டார். பழக்கத்தில் மேசை விளிம்பில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டினார். உள்ளங்கையை விரித்து, என் கைக்கு நேராக. நான் வைக்கவில்லை. அவரே என் விரலிலிருந்து எடுத்துக்கொண்டு ஆடப் போய்விட்டார். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். அவர் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை.

இரண்டு வருசம் அந்தக் குச்சியில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கவே மெம்பர்கள் நாற்காலி போட்டு உட்கார்வார்கள். மூன்று பந்தையும் ஒரு தட்டுக்குள் அடங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு, ஒன்றால் மற்ற இரண்டையும் தொட்டுத் தொட்டே முப்பது நாற்பது பாயிண்ட் எடுப்பார். பந்து மோதுகிற சத்தமே கேட்காது.

மூன்றாம் வருசம் ஒரு நாள், "குச்சி கையில இருக்குறாப்புலயே இல்ல மார்க்கர். கனமா ஒண்ணு குடு" என்றார். பதினேழு கொடுத்தேன். ஆட்டம் மாறுகிறது போல, தூரத்துப் பந்தில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஆட்டம் மாறவில்லை. அதே தடவல் ஆட்டத்தைத்தான் கனத்த குச்சியில் ஆடப் பார்த்தார். பந்து ஓடிப்போய்விடும். நாலைந்து மாசத்தில் பதினெட்டரை கேட்டார். அதன் பிறகு பிடிக்கிற இடத்தில் நூல் சுற்றித் தரச் சொன்னார்.

"நூலா? வழவழப்புப் பிடிக்கும்னுதான் மேப்பிளா எடுத்தீக?"

"சுத்துலே. சொல்றதச் செய்யி."

அவர் என்னை 'லே' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். வருத்தமாக இருந்தது. சுற்றிக் கொடுத்தேன். அவர் குனிந்து ஆடும்போது பின்னாலிருந்து பார்த்தேன். வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் குச்சியைப் பிடிக்கவில்லை, கொக்கி மாதிரி வளைந்து சும்மா தொங்கின. வயசு, வாதம் என்று நினைத்துக்கொண்டேன். என் தொழிலே கையைப் பார்ப்பதுதான். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மற்ற மெம்பர்கள் யாரும் வரவில்லை. மேசைக்கு இஸ்திரி போடுகிற நாள். அதற்கென்று கனத்த இரும்புப்பெட்டி ஒன்று உண்டு, அடுப்பில் காய்ச்சி எடுக்கவேண்டும். துணியை ஒரு பாதி முடித்துவிட்டு, பெட்டியை மேசையின் மரவிளிம்பில் இருந்த தகட்டின்மேல் வைத்திருந்தேன். கனகவேல் முதலாளி சீக்கிரமே வந்துவிட்டார். விளிம்பில் கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, ஒரு பட்டாசுக் கம்பெனி ஆர்டரில் சிவப்புக் கலர் சரியாக விழாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணியைத் துலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். "ஏதோ தீயுதே மார்க்கர். துணி கருகுதா பாரு."

எனக்கும் வாடை வந்தது. பதறிப்போய்ப் பெட்டியிருந்த பக்கம் ஓடினேன். துணியில் ஒன்றுமில்லை. தகட்டுக்கு அடியில் மரத்தைப் பார்த்தேன். மரத்திலும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். ஊன்றிய வலது கையின் வெளிப்புறம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, காய்ந்த இரும்பில் அப்படியே ஒட்டியிருந்தது. புகை வந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, துணிக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"மொதலாளி, கை!" என்று கத்தினேன்.

அவர் குனிந்து பார்த்தார். கையை எடுத்தார். தோல் இரும்பிலேயே தங்கிவிட்டது. அவர் முகத்தில் வலி இல்லை. யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊர் ஓரத்தில் அந்த நோயோடு இருந்தவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அடுப்புச் சட்டியை வெறுங்கையால் இறக்குவார்கள். சுடாது.

பெருவியாதி. குஷ்டம்.

"பின்னால போயிட்டியே மார்க்கர்" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் மூன்றடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

அவர் இடது கையால் கைக்குட்டையை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, காயத்தைச் சுற்றிக் கட்டினார். இரண்டு தடவை அவிழ்ந்து விழுந்தது. ஓடிப்போய் நான் கட்டியிருக்கவேண்டும். கட்டவில்லை. "தோள்ல ஒரு தேமல் கெடக்கு. ஒரு வருசமா சந்தேகந்தான். இன்னைக்கி தெளிஞ்சுபோச்சு. யாருகிட்டயும் சொல்லிராத" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் புறப்படுகிற சத்தம் கேட்ட பிறகும் சுவரைவிட்டு என்னால் நகர முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவினேன். என்ன என்று என் பெண்சாதி கேட்டாள். சொல்லிவிட்டேன். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். "அந்த வேலைய விட்டுருங்க. மொதல்ல குளிங்க. குளிச்சிட்டு அங்கனயே நில்லுங்க" என்றாள். அவளை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலில் ஈரத்தோடு நின்றபோது, என் விரலிலிருந்து சாக்கட்டியை எடுத்துக்கொண்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. அந்தக் கையிலிருந்துதான் நான் மூன்றடி பின்னால் போயிருக்கிறேன். நோயைக் கண்டு வந்த அதிர்ச்சி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. இது அடங்கவில்லை.

அடுத்த வாரம் செக்ரட்டரி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சுப்பையா, ஒரு ஆள் பதினாறுலேர்ந்து பதினெட்டரைக்குப் போறாரு. ஆட்டம் மாறலை. குச்சிக்கு நூல் சுத்தச் சொல்றாரு. முந்தாநாள் ஒரு கல்யாணத்துல அவர் கையில கட்டு பார்த்தேன். சுட்டுக்கிட்டேன், வலியே இல்லைன்னு சிரிக்கிறாரு. நான் நினைக்கிறது சரிதானே?"

அந்த ஒரு தடவைதான் என் பதிலுக்காகக் காத்திருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாதம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அவர் உடல்நிலைக் காரணம் எழுதி விலகிக்கிட்டா கிளப்புக்கும் கௌரவம், அவருக்கும் கௌரவம். நான் லெட்டர் எழுதிக்கிறேன். அவர் பிடிச்ச குச்சியெல்லாம் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் எரிச்சிடு. சரிதானே?"

மூன்று குச்சிகளையும் அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றினேன். அவர் பத்தடி தள்ளி, மூக்கில் கைக்குட்டையோடு நின்று பார்த்தார். ஆஷ் மரம் வெடித்துச் சீக்கிரம் பற்றியது. மேப்பிள் நின்று எரிந்தது. சாம்பலைக் காலால் கிளறி, குச்சி நுனிகளில் இருந்த பித்தளை வளையம் மூன்றும் கிடக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிவகாசிக்குப் போனேன். செக்ரட்டரியின் கடிதம் போய்ச் சேருவதற்குள் நான் சொல்லிவிடவேண்டும். பிரஸ்ஸில் கண்ணாடி அடைத்த சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கிட்ட வராத. அங்கனயே நின்னு சொல்லு" என்றார். நான் கேட்காமல் போய் அவருக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு முதலாளி முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன 'ஆமா'வையும் சேர்த்து.

"மூணையும் எரிச்சாச்சா?"

"ஆமாங்க."

"அந்தப் பதினாறு நல்ல குச்சி" என்றார்.

இப்போதெல்லாம் இதற்கு மாத்திரை இருக்கிறது, பட்டாளத்தில் டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் இருக்கிறது என்றேன்.

"எனக்கும் தெரியும். அந்த வாசல்ல என்னையப் பாத்துட்டா மறுநாளு என் பிரஸ்ஸுல ஒருத்தன் காகிதத்தத் தொடமாட்டான். என் சம்சாரம் கெணத்துல விழுந்துருவா. அவளப் பத்தி எனக்குத் தெரியும்."

"நான் கூட வாரேன். யாராச்சும் பாத்துட்டா எனக்குன்னு சொல்லிருங்க."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை. அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உடல்நிலைக் காரணம் எழுதிக் கொடுத்து அவர் கிளப்பிலிருந்து விலகிக்கொண்டார். மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் முன்வாசல் பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பேன், அவர் பக்கவாசல் வழியாக உள்ளே போவார். முதல் நாள் நானும் கூடப் போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் கையைத் தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார். மயிரிழை ரேகையைச் சொன்ன அந்தக் கையில் டாக்டர் எட்டு இடத்தில் தொட்டார். இவர் இரண்டு தடவைதான் சொன்னார். அதில் ஒரு தடவை, டாக்டர் தொடவேயில்லை.

ஆறாவது மாசம் எங்களைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் கிளப் மெம்பர், எண்ணெய் மில் வைத்திருந்தவர், அந்த ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் தர்மமாகப் போர்வை கொடுக்க வந்திருந்தார். நான் பெஞ்சில், பக்கத்தில் கனகவேல் முதலாளி நின்றுகொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி இங்கன?"

"நம்ம மார்க்கருக்குத்தான். பாவம், தொணைக்கு ஆளில்ல. கூட்டிட்டு வந்தேன்."

நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். ஆனாலும் அதைக் காதால் கேட்டபோது இரும்பு பட்டதுபோல இருந்தது. மில் முதலாளி தன் கையில் இருந்த போர்வையை என் காலடியில் வைத்துவிட்டு விலகிப் போனார்.

திங்கட்கிழமை செக்ரட்டரி அறைக்கு வெளியிலேயே என்னை நிறுத்தினார்.

"உனக்கில்லைன்னு எனக்குத் தெரியும் சுப்பையா" என்றார், அதே குரலில். "ஆனா குச்சியை ஏன் எரிச்சீங்கன்னு மெம்பர்கள் ஆறு மாசமாக் கேக்குறாங்க. இப்ப அவங்களுக்கே ஒரு பதில் கெடைச்சிருச்சு. நான் அதை மாத்தப் போறதில்லை. நாளையிலேர்ந்து வரவேண்டாம். சரிதானே?"

தெரிந்தே செய்தார். பொய் சொல்லாத மனுசன் என்று ஊரில் பெயர் எடுத்தவர். அந்த வாசலில் நின்றபடி என்ன பதில் பேசுவது என்று யோசித்தேன். அதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார்.

எங்கள் தெருக் குழாயில் என் பெண்சாதியைக் குடம் வைக்கவிடவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு மலைமேல் ஒரு ஊருக்குப் போனோம். அங்கே ஒரு கிளப்பில் வேலை கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இறங்கி வந்தேன். மூன்றரை வருசம். கடைசியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு விரலும் நிமிரவில்லை. அச்சு மிஷினில் நசுங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அவர் சம்சாரத்துக்கோ பிள்ளைகளுக்கோ அந்த நோய் வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில், மாரடைப்பில் கனகவேல் முதலாளி இறந்துபோனார். தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது உடல் வாசலில் இருந்தது. கூட்டம் தெருமுனை வரை நின்றது. ஒருவர் நின்று அவர் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிரஸ் ஆட்களைப் பிள்ளைபோல வைத்துக்கொண்டதைச் சொன்னார். பிறகு சொன்னார்: "பெருவியாதிக்காரன் ஒருத்தன், கிளப்புல வேல பாத்தவன். சொந்தக்காரனே தொடமாட்டான். நம்ம அண்ணாச்சி அவனக் கார்ல ஏத்தி மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

கூட்டத்தில் நாலைந்து பெண்கள் விம்மினார்கள். நான் சொல்லச் சொன்னது மில் முதலாளியிடம் சொல்வதற்கு. அதை வீட்டிலும் சொல்லி, இத்தனை வருசம் அதுவே அவருடைய பெரிய புண்ணியமாகிவிட்டது எனக்குத் தெரியாது. எனக்கு அருகில் நின்றவர் யாரோ என்னை அடையாளம் கண்டு, "இவருதான்" என்றார். என்னைச் சுற்றி இடம் விட்டார்கள்.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம்.

அப்போது முதலாளியம்மா எழுந்து வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாலடி தள்ளி நின்று, என் கை இரண்டையும் கூர்ந்து பார்த்தார். விரல்கள் எல்லாம் நேராக இருப்பதைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அவுக ஒங்களப் பத்திக் கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக. இப்ப எப்படி இருக்கீக மார்க்கர்?"

கிடத்தியிருந்தவரின் கையைப் பார்த்தேன். இரண்டு விரல் வளைந்தபடியே, மாலைக்கு அடியில்.

"முழுசாக் கொணமாயிருச்சு தாயி" என்றேன். "அவுக புண்ணியந்தான்."